குருட்டுப் பாம்பு: என் சொற்பட்டியலில் ஒரு பிழை

என் ஆய்வுச் சொற்பட்டியலில் 'குருட்டுப் பாம்பு' என்ற பதிவுக்கு நேரே, 'கண் புலப்படாத சிறு பாம்பு வகை. மண்ணுக்குள் வாழ்வது' என்று பொருள் எழுதியிருந்தேன். ஈராண்டுகள் அது அப்படியே இருந்தது. ஒரு கருத்தரங்கக் கட்டுரையின் பின்னிணைப்பிலும் இடம்பெற்றுவிட்டது. சென்ற வாரம் அதைத் திருத்தினேன். திருத்தம் ஒரே வரிதான். ஆயினும் அப்பிழை நேர்ந்த விதம், களப்பணி செய்யும் நண்பர்களுக்கும் செய்யவிருக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

என் களம் வெள்ளறடையும் அதைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு அவ்வாறு விழுந்தாலும் பனச்சமூட்டுச் சந்தைக்கு வருவோர் இருபுறத்தாரும்தாம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் நடக்கின்றன. மரச்சீனி என்ற சொல் கோட்டின் இருபுறமும் மரச்சீனியாகவே இருக்கிறது. இங்கே தமிழைப் பேசும் வீடுகளில் வேளாண்மை, செடிகொடி, உயிரினம் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுப்பது என் ஆய்வின் ஒரு பகுதி.

ஈராண்டுகளுக்கு முன், ஆவணி மழை விட்ட ஒரு காலையில், வெள்ளறடைக்குக் கிழக்கே ஒரு வீட்டுப் புரையிடத்தில் நின்றிருந்தேன். வீட்டின் இளைஞர் மரச்சீனிக்கு மண் கூட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி புரட்டிய கட்டியிலிருந்து, ஒரு சாண் நீளத்தில், சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஓர் உயிர் வெளியே விழுந்தது. உடலெங்கும் வளையம் வளையமாய்க் கோடுகள். தலை எது, வால் எது என்று உடனே சொல்ல இயலவில்லை. இளைஞர் மண்வெட்டியை மீண்டும் ஓங்கினார். வாசற்படியில் இருந்த அம்மச்சி சத்தமிட்டுத் தடுப்பதற்குள் அது இரண்டு துண்டாகியிருந்தது.

நான் செய்தது என்ன? ஒலிப்பதிவுக் கருவியை அம்மச்சியின் அருகில் நகர்த்தி, "இதுக்கு இங்க என்ன பேரு அம்மச்சி?" என்று கேட்டேன். "குருட்டுப் பாம்பு" என்ற விடை வந்தது. எழுதிக்கொண்டேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

சில திங்களுக்கு முன், அவர் பேச்சில் ஓர் உயிரொலியின் நீட்டத்தை அளப்பதற்காக அப்பதிவை மறுபடி கேட்டேன். நான் எழுதிக்கொண்ட பெயருக்குப் பின்னும் அவர் பேசிக்கொண்டிருக்கிறார்: "குருட்டுப் பாம்புண்ணு சொல்லுவோம். ஆனா பாம்பில்ல மக்களே. பாம்புக்குச் செதிலு உண்டு, இதுக்கு இல்ல. தோலு எப்பளும் நனஞ்சு வழுவழுண்ணு இருக்கும். வெயில்ல கெடந்தா செத்துப்போவும். கொத்தாது. பாவம் சாதனம்."

நான் எழுதிய பொருள் விளக்கம் அவர் சொன்னதற்கு நேர்மாறானது. பெயரை அவரிடம் வாங்கிக்கொண்டு, பொருளை என் கற்பனையிலிருந்து எழுதியிருக்கிறேன். அவர் பேசும்போது குறுக்கே என் குரல் கேட்கிறது; அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டேன். மொழியியலில் முதுகலை படித்தவருக்கு இதைவிட வெட்கம் தரும் பதிவு வேறு இருக்க முடியாது.

செதில் இல்லை, ஈரத்தோல், வெயில் தாங்காது என்றதும், இது சாலமாண்டராக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. விலங்கியலில் ஆய்வு செய்யும் தோழியிடம் அன்று எடுத்த ஒளிப்படங்களைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "வகுப்பு சரி, வரிசைதான் தவறு" என்றார். இருவாழ்விகளில் இன்று உயிரோடு இருப்பவை மூன்று வரிசைகள். தவளைகளும் தேரைகளும் ஒன்று, சாலமாண்டர்கள் இரண்டாவது, கால்களே இல்லாத சிசிலியன்கள் மூன்றாவது. அம்மச்சியின் மரச்சீனித் தடத்தில் கிடந்தது மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. பக்கவாட்டில் மஞ்சள் கோடு இல்லை, கண்கள் வெளியே தெரியவில்லை என்பனவற்றைக் கொண்டு, அது கெகெனியோபிஸ் பேரினம் என்று அவர் சொன்னார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலமாண்டர் ஒன்றும் இல்லை. இந்தியாவில் அவ்வரிசைக்கு உரிய இடம் கிழக்கு இமயமும் வடகிழக்கும்தாம். டார்ஜிலிங் மாவட்டத்தில் சுக்கியாபோக்ரிக்கு அருகே ஜோர்போக்ரி என்னும் இரட்டைக் குளத்தையொட்டி, 1985இல் சாலமாண்டருக்காகவே ஒரு காப்பிடம் அமைத்திருக்கிறார்கள், பரப்பு 0.04 சதுர கிலோமீட்டர். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட அந்த இமயச் சாலமாண்டர், 2015இல் நேபாளத்தின் இலாம் பகுதியிலிருந்து டைலோடோட்ரைட்டன் ஹிமாலயானஸ் என்று தனி இனமாக விவரிக்கப்பட்டது.

இப்பிரிவினைக்குக் காரணம் மிகப் பழையது. சாலமாண்டர்கள் வடபுலக் கண்டங்களில் கிளைத்தவை. வெப்பமண்டலக் காடுகளில் அவை பெருகி வாழ்வது மெக்சிகோ தொடங்கித் தென்னமெரிக்கா வரையிலான நிலப்பகுதியில் மட்டுமே. சிசிலியன்களோ தென்புலப் பெருங்கண்டமான கோண்டுவானாவின் வழித்தோன்றல்கள். கெகெனியோபிஸின் நெருங்கிய உறவுகள் சீசெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டும் சீசெல்ஸும் பிரிந்தபோது இரு கரைகளிலும் பிரிந்து நின்ற உறவு அது. பனச்சமூட்டின் எல்லைக்கோட்டுக்கு எழுபது வயதுதான் ஆகிறது.

மொழி மாணவருக்கு இதில் இன்னும் சுவையான செய்தி பெயர்தான். தமிழிலும் மலையாளத்திலும் 'குருடு' என்ற அடியிலிருந்து பெயர் பிறக்கிறது: இங்கே குருட்டுப் பாம்பு, அங்கே குருடி. இலத்தீனத்தில் 'சேக்கஸ்' என்றாலும் குருடு, அதிலிருந்தே சிசிலியா. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் ஒரே குறையைக் கண்டு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. பாம்பு என்று எண்ணிய பிழையும் பொதுவானதே. 1758இல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் சிசிலியாவைப் பாம்புகளோடுதான் சேர்த்தார். இக்தியோபிஸ் என்றால் மீன்பாம்பு. கெகெனியோபிஸ் என்றால் மண்ணிற்பிறந்த பாம்பு. 1831இல் யோகான்னஸ் முல்லர், லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஓர் இளம் உயிரியின் கழுத்தோரத்தில் செவுள் துளைகளைக் கண்டு எழுதினார். பாம்புக்குச் செவுள் ஏது? அதன் பின்னர் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. ஆனால் 'ஓபிஸ்' என்ற கிரேக்கப் பாம்பு மட்டும் அறிவியற் பெயரின் வாலில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மச்சி முல்லரைப் படித்தவரில்லை. செதிலையும் தோலையும் தொட்டுப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருக்கிறார். 'பாம்பு' என்று சொல்லிக்கொண்டே 'பாம்பில்லை' என்று அறிந்திருக்கிறார். அறிவியலாரும் அப்படித்தான் இன்றும் 'ஓபிஸ்' என்று எழுதுகிறார்கள். அந்த இளைஞரிடம் இருந்ததோ பெயர் மட்டும். பேச்சுவழக்கில் பெயர் தலைமுறை தாண்டி வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் வந்த வாக்கியம் வரவில்லை. பெயரே மனிதரின் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்று முதலாண்டு வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுவோம். ஒரே வீட்டில், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஒருவர் கொல்கிறார், இன்னொருவர் தடுக்கிறார்.

அதன் பிறகு இவ்வுயிரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உலகில் 200க்கும் மேற்பட்ட சிசிலியன் இனங்கள் உள்ளன. இந்தியாவில் சுமார் 40. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே ஓர் உணர்விழையை நீட்டி மண்ணின் மணத்தை அறிகின்றன. இக்தியோபிஸ் தாய், நீரோரத்து ஈரமண்ணில் முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு காக்கிறது. கென்யாவின் ஓர் இனத்தில் குஞ்சுகள் தாயின் மேல்தோலையே உரித்துண்டு வளர்கின்றன என்பது 2006இல் தெரியவந்தது. பிரேசிலின் ஓர் இனம் பால் போன்ற ஒரு நீரைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்பது 2024இல்.

நம் பக்கத்து இனமான கெகெனியோபிஸ் ராமசுவாமி, 1964இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் டெய்லரால் தென்மலைக் காட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. சிசிலியன்களின் மண்டையோட்டை ஆராய்ந்த எல். எஸ். ராமசுவாமியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. காட்டிலிருந்து விவரிக்கப்பட்டதால் காட்டுயிர் என்றே நெடுநாள் எண்ணியிருக்கக்கூடும். கேரளப் பல்கலைக்கழகத்தின் உம்மன் வி. உம்மனும், ஜான் மீசி, டேவிட் கோவர், மார்க் வில்கின்சன் ஆகியோரும் தெற்குக் கேரளத்தில் மண்ணைத் தோண்டித் தேடி, 2000இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இதன் பரவலையும் எண்ணிக்கையையும் பற்றி எழுதினார்கள். பின்னர் அளந்த சதுரங்களைத் தோண்டி எண்ணும் முறையையும் வகுத்தார்கள். காட்டுக்கு வெளியே, பயிர் செய்யும் மண்ணிலும் இது நன்றாகவே வாழ்கிறது என்பது அவ்வாறு தெரியவந்தது. வயிற்றில் இருந்தவை கறையானும் மண்புழுவும். அதாவது, அம்மச்சியின் மரச்சீனித் தடம் அதற்கு வழிதவறி வந்த இடமன்று, அதுவே வீடு.

இங்கேதான் என் துறையும் அவர்கள் துறையும் ஒன்றையொன்று தொடுகின்றன. கிளைமொழி ஆய்வில் நாங்கள் ஒரு சொல் எதுவரை வழங்குகிறது என்று வரைபடத்தில் கோடு போடுகிறோம். அக்கோடு நாங்கள் போய்க் கேட்ட ஊர்களின் புள்ளிகளை இணைத்து வருவது. கேட்காத ஊரில் சொல் இல்லை என்று ஆகிவிடாது. உயிரினப் பரவல் படமும் அத்தகையதே. சிசிலியன் இருக்கும் இடங்களின் படம், உண்மையில், யாரோ ஒருவர் தோண்டிப் பார்த்துக் குறித்துவைத்த இடங்களின் படம். மண்ணுக்கு மேலே வராத, குரல் எழுப்பாத உயிருக்கு வேறு வழியும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சிசிலியன்களில் பெரும் பங்கு 'தரவு போதாதவை' என்ற வகையில் கிடப்பதற்குக் காரணம் இதுவே. அழியும் நிலையில் உள்ளனவா, செழித்திருக்கின்றனவா என்று தீர்ப்புச் சொல்லவே போதிய செய்தி இல்லை.

தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வடகிழக்கே சான்று. அங்கே ஐந்தாண்டுகள், ஏறத்தாழ 250 இடங்களில் மண்ணைத் தோண்டித் தேடிய எஸ். டி. பிஜுவின் குழுவினர், 2012இல் ஒரு புதிய குடும்பத்தையே அறிவித்தார்கள். இனமோ பேரினமோ அன்று, முழுக் குடும்பம். அதன் நெருங்கிய உறவினர் ஆப்பிரிக்காவில் இருக்கின்றனர். சிகிலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது காரோ மக்கள் தம் மொழியில் இவ்வுயிருக்கு வழங்கும் பெயர். ஒரு பழங்குடி மொழியின் சொல், பாம்பென்னும் வாலில்லாமல், உலக அறிவியலில் ஒரு குடும்பத்தின் பெயராக நிற்பதைப் பார்த்தபோது, சொற்பட்டியல் தொகுக்கும் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

பதிவு இல்லாவிட்டால் இழப்பும் தெரியாது என்பதற்கு வெப்பமண்டலச் சாலமாண்டர்களே எடுத்துக்காட்டு. குவாத்தமாலாவின் சான் மார்க்கோஸ் மலைப்பகுதியில் 1970களில் எந்த உயரத்தில், எந்த மரத்தடியில், எத்தனை சாலமாண்டர்கள் என்று குறித்துவைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அதே இடங்களுக்கு மீண்டும் சென்று தேடியபோது, முன்பு மலிந்திருந்த இனங்கள் சிலவற்றைக் காணவே முடியவில்லை. டேவிட் வேக்கும் அவர் குழுவினரும் 2009இல் அதை வெளியிட்டார்கள். காடு அழிக்கப்படாத இடங்களிலும் அவை குறைந்திருந்தன. பழைய குறிப்பேடு இல்லையேல் அந்தக் காடு நலமாக இருக்கிறது என்றே எண்ணியிருப்பார்கள். அதே நாட்டில், 1975இல் கண்டறியப்பட்டுப் பின்னர் யார் கண்ணிலும் படாத ஒரு மரமேறிச் சாலமாண்டரை 2017இல் மீண்டும் கண்டவர், காப்பிடத்தின் உள்ளூர்க் காவலர் ஒருவர்; உணவு இடைவேளையில். அன்றாடம் அந்த இடத்தில் இருப்பவர் கண்ணில்தான் அது பட்டது.

நம் பக்கம் வருவோம். நெய்யாறு வனவிலங்குக் காப்பிடம் 1958இல் அறிவிக்கப்பட்டது; 128 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி வனவிலங்குக் காப்பிடம் 2008இல். இரண்டும் அகத்தியமலையின் தென்கோடியைக் காக்கின்றன. இரண்டும் மிகத் தேவையானவை. ஆனால் வீட்டுப் புரையிடத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் வாழைத்தடத்திலும் வாழும் ஓர் உயிருக்குக் காப்பிடத்தின் எல்லைக்கல் எட்டாது. அதன் வாழ்வு, நிழலும் ஈரமும் இலைமக்கும் உள்ள ஒரு முழ ஆழத்து மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணை இயந்திரம் கொண்டு சமப்படுத்தி, வீட்டைச் சுற்றிச் சிமெண்டுக் கல் பாவினால் அது போகும். தோலால் நீரை உறிஞ்சும் உயிர் என்பதால் களைக்கொல்லி தெளித்த மண்ணும் அதற்கு ஆகாது. இவற்றைத் தடுக்க இங்கே ஒரு வனக்காவலர் வரப்போவதில்லை. மண்வெட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் வனக்காவலர்.

திருத்தம் எழுதுவதற்கு முன் அம்மச்சியைப் பார்க்கப் போனேன். ஒலிப்பதிவை அவருக்கே போட்டுக் காட்டினேன். தம் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டார், பிறகு, "நான் சொன்னது செரிதான, நீ ஏன் எழுதல்ல?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. பேச்சோடு பேச்சாக, "முந்தியெல்லாம் வாழைக்குத் தடம் எடுத்தா ரெண்டு மூணு காணும். இப்பக் காணல்ல" என்றார்.

உடனே 'எண்ணிக்கை குறைந்துவிட்டது' என்று குறித்துக்கொள்ளக் கை போயிற்று. இம்முறை நிறுத்திக்கொண்டு, "இப்பவும் நீங்க தடம் எடுக்கீங்களா அம்மச்சி?" என்று கேட்டேன். முழங்கால் வலியால் மண்வெட்டி எடுத்து ஆறு ஆண்டுகள் ஆயிற்றாம். ஆக, குறைந்தது உயிரா, தோண்டிய கையா? அவருடைய இளமைக் காலத்தில் யாராவது ஓர் ஆண்டின் கணக்கையேனும் எழுதிவைத்திருந்தால் இன்று ஒப்பிட்டிருக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து இதே கேள்வியை ஒருவர் கேட்கும்போது அவருக்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காக, அவர் பேரனிடம் ஒரு பழைய பள்ளி நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். மண்வெட்டியை ஓங்கிய அதே இளைஞர்தாம். கண்ட நாள், இடம், பயிர், மழை உண்டா இல்லையா என்று நான்கு பத்திகள். சென்ற வாரம் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: பாக்குமரத்தடி, ஈரமண், உயிரோடு ஒன்று. பக்கவாட்டில் மஞ்சள் கோடு. தோழியிடம் காட்டினேன்; இது இக்தியோபிஸ். ஒரே புரையிடத்தில் இரண்டு பேரினங்கள்.

திருத்திய பதிவு இப்போது இப்படி இருக்கிறது: 'குருட்டுப் பாம்பு: மண்ணில் வாழும் காலில்லா இருவாழ்வி; சிசிலியன். பாம்பு என்று வழங்குவர். பாம்பன்று என்றும் அறிவர். நஞ்சு உடையது என்று கருதுவதில்லை.' கடைசி வாக்கியம் அம்மச்சிக்கு உரியது.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், குறிப்பாக அருமனை, களியல், பத்துகாணி, பாறசாலைப் பக்கத்தில், மண் வெட்டும்போது இவ்வுயிரைக் கண்டால் கொல்லாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஒரு படம் எடுத்துவிட்டு ஈரமண்ணிட்டு மூடிவிடுங்கள். படத்தோடு நாளையும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பெயர் சொன்ன பிறகும் அவர்கள் பேசுவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.